நூத்துக்கு நூறு தண்ணி

இல்ல டாக்டர், திறக்கறேன். திறக்கமாட்டேன்னா சொன்னேன்? திறந்துட்டா அப்புறம் பேச முடியாதுல்ல, அதுக்குத்தான். ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. எனக்கப்புறம் ஆள் யாரும் இல்லைன்னு உங்க நர்ஸம்மா சொன்னாங்க. வெளிய என் வீட்டுக்காரி மட்டும்தான் உக்காந்திருக்கா. அவளுக்குப் பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. சும்மா துணைக்கு வந்திருக்கா.

அந்த லைட்டை மட்டும் கொஞ்சம் தள்ளுங்களேன். ம், இப்ப சரி. வேடிக்கையைப் பாருங்க, சரியா இந்த இடத்துலதான் எங்க கட்டில் கிடந்தது. இருபத்தோரு வருஷம் இதே சீலிங்கைப் பாத்துத்தான் படுத்திருந்தேன். அந்த மூலையில ஒரு விரிசல் இருக்கும், பூசிட்டீங்க போல. நல்லா பூசியிருக்காங்க. உங்களுக்கு வித்துட்டுப் போயி ஒரு வருஷம் ஆகப் போகுது, இன்னிக்கு உள்ள நுழைஞ்சதும் கால் தானா சமையல்கட்டுப் பக்கம் போகுது டாக்டர். அங்க பாத்தா எக்ஸ்ரே ரூம்னு போட்டிருக்கு.

எந்தப் பல்லா? சொல்றேன், சொல்றேன். பல்லு எங்கயும் ஓடிடாது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு ஒப்புக்கணும். இந்த வீட்டைப் பத்தி.

ஐயோ, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. பத்திரமெல்லாம் சுத்தம். இது வேற.

வீட்டை விக்கும்போது உங்களைத் தனியா கூப்பிட்டு ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அறுபது வருஷத்துல இந்தத் தெருவே தண்ணிக்குள்ள போயிடும், எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லுது, தெரிஞ்சே உங்க தலையில கட்டிட்டேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுன்னு. நீங்க சிரிச்சீங்க. அறுபது வருஷத்துல எனக்கே பல்லு இருக்காது, வீட்டுக்கு என்னன்னீங்க. அப்படிச் சிரிச்சிட்டு, இப்ப பாத்தா வீட்டுல இருக்கற ப்ளக் பாயின்ட் பூராத்தையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வெச்சிருக்கீங்க. நாற்காலிக்கு மேடை வேற கட்டியிருக்கீங்க. எனக்கு இதுல ஏறும்போதே ஒரு மாதிரி ஆயிடுச்சு. படிச்ச மனுஷன், எவனோ ஒருத்தன் சொன்னதைக் கேட்டு சுவரெல்லாம் உடைச்சிருக்காரேன்னு.

தண்ணி வராது டாக்டர். அதான் விஷயம்.

வராதுன்னா வராது. இந்தத் தெருவுக்கு வராது. சும்மா சொல்லலை. வரும்னு சொன்னவனே வந்து வராதுங்கறான்னா ஏன்னு சொல்ல வேண்டாமா, அதுக்குத்தான் பத்து நிமிஷம் கேட்டேன். கொஞ்சம் மெதுவா பேசுவோம். கதவு சாத்தியிருக்குல்ல? நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு என் மச்சினி, அதாவது இவ தங்கச்சி, ரெண்டு தெரு பின்னாடி இருக்கற அவ வீட்டை வித்துக் கையெழுத்துப் போடப் போறா. இதே தண்ணிக்குப் பயந்து. அதுக்குள்ள இவளுக்கு உண்மை தெரிஞ்சாகணும். நான்தான் சொல்லணும். என்னை விட்டா வேற யாருக்கும் அந்த விவரம் தெரியாது.

என் வேலை என்னன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேனா? பருவநிலை ஆபீஸ், அது சரி, அதுல என்ன வேலை? மேல் மாடியில இருக்கறவங்க பூமியையே கம்ப்யூட்டருக்குள்ள ஓட விடுவாங்க. காத்து, மழை, கடல், பனிக்கட்டி எல்லாமே கணக்கு. நூறு வருஷத்தை அஞ்சு வாரத்துல ஓட்டிருவாங்க. அதுக்கு மாடல்னு பேரு. அது துப்பறதை எடுத்து மத்தவங்களுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கறது நான். கீழ் மாடி, கழிப்பறைக்குப் பக்கத்து ரூம்.

ஏன் மாத்தணும்னா, அது பேசற பேச்சே தனி டாக்டர். வெயில் எவ்வளவுன்னு கேட்டா முந்நூத்தி மூணுங்கும். அதுலேருந்து இருநூத்தி எழுபத்திமூணைக் கழிச்சாத்தான் மனுஷன் தாங்கற வெயில் வரும். மழையை ஒரு நொடிக்கு இவ்வளவுன்னு சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை நொடியோ அதால பெருக்கிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. மாசம் எல்லாத்துக்கும் முப்பது நாள். பிப்ரவரிக்கும் முப்பது. முப்பத்தொண்ணாம் தேதின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. என் சகலைக்கு அந்த ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முப்பத்தொண்ணாம் தேதி விடிஞ்சா போதும், போன் பண்ணுவாரு. அண்ணே, இன்னிக்கு உங்க ஆபீஸ்ல நாளே இல்லையே, லீவான்னு கேப்பாரு. வருஷத்துக்கு ஏழு தடவை. நானும் ஏழு தடவையும் சிரிப்பேன், என்ன பண்றது, சகலை.

அந்த மாத்தற வேலை எப்படி நடக்கும்னா, கறுப்புத் திரை. அதுல படம் கிடையாது, பட்டன் கிடையாது. ஒரு வரி எழுதணும். இந்த ஃபைலை எடு, இந்த வருஷத்தை மட்டும் வெட்டு, இதைக் கழி, இதால பெருக்கு, வரிசையைத் தலைகீழா திருப்பு, இந்தப் பேர்ல எழுதி வை. என்டர். சரியா நடந்துச்சுன்னா ஒண்ணுமே சொல்லாது. அடுத்த வரிக்குப் போயி கண்ணைச் சிமிட்டிட்டு நிக்கும். தப்பா நடந்தாலும் சில சமயம் ஒண்ணுமே சொல்லாது. அது அதோட குணம். என் வீட்டுக்காரி அதுக்கு நேர் எதிர்.

வரிசையை எதுக்குத் திருப்பணுமா? நல்ல கேள்வி. கதையே அங்கதான் இருக்கு. பூமியைக் கட்டம் கட்டமா பிரிச்சு வெச்சிருப்பாங்க, கணக்கு நோட்டு மாதிரி. மாடல் அதைக் கீழேருந்து மேல எழுதும். தென் துருவத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு வரிசையா ஏறும். எங்க ஆபீஸ்ல படம் வரையற ப்ரோக்ராம் மேலேருந்து கீழ படிக்கும், நாம பேப்பர் படிக்கற மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தன் உக்காந்து திருப்பிப் போடணும். அந்த ஒருத்தன் நான். பதினெட்டு வருஷமா பூமியைத் திருப்பிட்டிருக்கேன். தினமும் புதுசா எழுதறதும் இல்ல. கீபோர்டுல மேல்பக்கம் பாக்கற அம்புக்குறி இருக்கும், அதை ஒரு தட்டு தட்டினா நேத்து எழுதின வரி அப்படியே வந்து நிக்கும். ஃபைல் பேரை மட்டும் மாத்தி என்டர். கை தானா செய்யும். நீங்க பல்லு பிடுங்கற மாதிரி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் படம் போட்டுப் பாக்கவே மாட்டேன். எங்க கூட்டத்துல படம் போட்டுப் பாக்கறவனை ஒரு படி கீழதான் வெப்போம். இத்தனாவது வரிசை, இத்தனாவது கட்டம், எண் என்ன, டக்குனு தெரியணும். நம்ம ஊரு மேலேருந்து எழுபத்தெட்டாவது வரிசை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூணு மணி. புது மாடலோட ஃபைல் முதமுதலா இறங்கியிருந்துச்சு. அதுல ஒரு கணக்கு உண்டு, அறுபது வருஷம் கழிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் நூத்துக்கு எவ்வளவு தண்ணின்னு. வேலையும் பெருசா இல்ல. நம்ம கட்டத்தைத்தான் பாப்போமேன்னு தோணுச்சு, ஜோசியக்காரன் சும்மா இருக்கும்போது தன் கையையே பாத்துக்கற மாதிரி. வழக்கமான வரி, என்டர். எழுபத்தெட்டாவது வரிசை, நம்ம கட்டம்.

நூறு.

மறுபடி தட்டினேன். நூறு. பக்கத்துக் கட்டத்தைப் பாத்தேன், அதுவும் நூறு. பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

இப்ப ஒண்ணு தெரிஞ்சுக்கணும் டாக்டர். எங்க வீட்டுல என் பேச்சுக்கு இருந்த மரியாதை. மழை வரும், குடை எடுத்துக்கோன்னு நான் சொன்னா எடுக்கமாட்டா. நான் சொன்னதுக்காகவே எடுக்கமாட்டா. அவருக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, ஏதோ ஃபைலை மாத்துவாரும்பா. இந்த பீரோல இருக்கற ஃபைலைத் தூக்கி அந்த பீரோல வெக்கறேன்னு என் மச்சினி ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தா. மாமாவுக்குத் தூசி ஆகாதே, எப்படித்தான் அந்த வேலை பாக்கறாரோன்னு பாவப்பட்டுக்கிட்டிருந்திருக்கா.

நான் வந்தப்ப இவ துணி மடிச்சிட்டிருந்தா. இதோ, உங்க வாஷ்பேசின் இருக்கே, அந்த இடத்துல. அறுபது வருஷத்துல இந்த வீடு தண்ணிக்குள்ள போயிடும்னேன். நிமிந்து பாத்தா. யாரு சொன்னான்னா. மாடல்னேன். எத்தனைக்கு எத்தனைன்னா. நூத்துக்கு நூறுன்னேன். அப்படியே உக்காந்துட்டா, மடியில பாதி மடிச்ச துணியோட.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். நான் ஒண்ணு சொல்லி அவ உக்காந்தது அன்னிக்குத்தான். முகத்துல பயம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை, ஆனா என்னைப் பாத்த பார்வை இருக்கே... இவர் இவ்வளவு பெரிய விஷயமெல்லாம் பாக்கற இடத்துலயா இருக்காருங்கற மாதிரி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன் டாக்டர், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. வீடு முழுகப் போகுது, நான் உள்ளுக்குள்ள சிரிச்சிட்டு நிக்கறேன். இரு, திங்கக்கிழமை இன்னொரு தடவை சரிபாத்துட்டு சொல்றேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. அதைச் சொல்லலை. சொன்னா அந்தப் பார்வை போயிடும்ல?

அப்புறம் எல்லாம் அவதான். அறுபது வருஷத்துல நாம இருக்கமாட்டோமேன்னு நானே கூடச் சொல்லிப் பாத்தேன். நாம இருக்கமாட்டோம், நம்ம பொண்ணுக்கு இதைத்தானே விட்டுட்டுப் போறோம், தண்ணிக்குள்ளயா விட்டுட்டுப் போறதுன்னா. மூணே மாசத்துல உங்களைப் பிடிச்சா. உங்ககிட்ட உண்மையைச் சொல்லித்தான் விக்கணும்னு பிடிவாதமா நின்னதும் அவதான். அந்த நேர்மை அவளுக்கு உண்டு. என்னை முன்னால தள்ளிவிட்டு, சொல்லிட்டீங்களா சொல்லிட்டீங்களான்னு கதவுக்குப் பின்னாடி நின்னா.

இப்ப குன்னு மேல இருக்கோம். நூத்திப் பதினாலு படி. வண்டி கீழ வரைக்கும்தான். தண்ணி கேன் போடறவர் அறுபதாவது படியில இறக்கி வெச்சிட்டு போன் பண்ணுவாரு, மீதி உங்க பாடும்பாரு. தண்ணிக்குப் பயந்து போன இடத்துல தண்ணி ஏற மாட்டேங்குது. அவளுக்கு முட்டி ரெண்டும் போச்சு. ஆனா ஒரு வார்த்தை குறை சொல்லலையே! எண்பதாவது படியில நின்னு மூச்சு வாங்கிட்டு, கீழ இந்தத் தெருவைக் கை காட்டி, பாவம் அந்த டாக்டரும்பா. நல்ல மனுஷன், புது மெஷினெல்லாம் வாங்கிப் போட்டிருக்காராம், பாவம்பா. வாரத்துக்கு நாலு நாள் உங்களுக்காகப் பரிதாபப்படறா டாக்டர். எனக்கு அந்த எண்பதாவது படி வந்தாலே செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கத் தோணும்.

வீட்டுக்கு வர்றவங்க யாராவது, அட அதெல்லாம் நடக்குமான்னு கேட்டா, எங்க வீட்டுக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்பா. இந்த வாக்கியத்தை நான் என் ஜென்மத்துல கேட்டதில்ல. பக்கத்து ரூம்ல துண்டைக் கையில வெச்சுக்கிட்டு அசையாம நின்னு கேப்பேன். இப்ப குடை எடுத்துக்கோன்னா எடுத்துக்கறா. வெயில் கொளுத்தற அன்னிக்குக்கூட எடுத்துக்கறா. அதான் பிரச்சினையே.

எப்படித் தெரிஞ்சுதா? எங்க ஆபீஸ்ல படம் வரையற பொண்ணு ஒருத்தி, பிரசவத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே லீவு போட்டிருந்தா. அதுவரைக்கும் அந்தப் புது ஃபைலெல்லாம் நான் மாத்தி மாத்தி அடுக்கி வெச்சதோட சரி. யாரும் படமா போடலை. ரெண்டு மாசம் முன்னாடி வேலைக்குத் திரும்பி வந்தா. வந்த மொத நாளே ஒரு பெரிய தாளைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வர்றா. பின்னாலேயே நாலு பேர். சார், பூமி சிரசாசனம் பண்ணுதுங்கறா. பாத்தா, தென் துருவம் மேல உக்காந்திருக்கு, தலைக்குக் குளிச்சிட்டு வெள்ளைத் துண்டு கட்டின மாதிரி. மத்த தேசமெல்லாம் காலைத் தூக்கிட்டு நிக்குது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். எல்லாரையும் விட சத்தமா சிரிச்சேன். பாதிச் சிரிப்புல நின்னுட்டேன்.

என்ன நடந்திருக்குன்னா, புது மாடல் மேலேருந்து கீழ எழுத ஆரம்பிச்சிடுச்சு. திருப்பவே வேண்டியதில்ல. நான் பழக்கத்துல அம்புக்குறியைத் தட்டி, நேரா நின்னவனைத் தலைகீழா நிக்க வெச்சிருக்கேன். எனக்குச் சொல்லாம எப்படி மாத்தலாம்னு கோவமா மேல் மாடிக்கு ஏறினேன். மாடல் எழுதறவர் அங்க இருக்காரு. கப்புக்காரர்னு பேரு. டீ குடிச்சிட்டு கப்பைக் கழுவாம போட்டா அவருக்குப் பொறுக்காது. வாரத்துக்கு ரெண்டு மெயில் போடுவாரு. அவர் மெயில் வந்தா என் கண்ணுலயே படாம ஒரு மூலைக்குப் போற மாதிரி நான் ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். நான் மட்டுமில்ல, பாதி ஆபீஸ் அப்படித்தான். அவர் நிதானமா ஒரு பழைய மெயிலைத் திறந்து காட்டறாரு. தலைப்பு, தொட்டியில் கிடக்கும் மூன்று கப்புகள். முதல் ஏழு வரி கப்பு. எட்டாவது வரியில, மேலும், புது மாடல் இனி மேலிருந்து கீழாக எழுதும், யாரும் வரிசையைத் திருப்ப வேண்டாம். ஒன்பதாவது வரியில மறுபடியும் கப்பு.

கீழ வந்து, திருப்பற சொல்லை எடுத்துட்டு அந்த வரியை மறுபடி ஓட்டினேன். நம்ம கட்டம். இன்னிக்கு நூத்துக்கு நாலு. அந்த நாலும் ஏற்கெனவே ஓரமா இருக்கற கடல். அறுபது வருஷம் கழிச்சு நாலு புள்ளி மூணு. அவ்வளவுதான். கடல் ஏறலைன்னு நான் சொல்ல வரலை டாக்டர். எத்தனையோ ஊருக்கு ஏறுது, அந்த எண்ணெல்லாம் பாத்தா சாப்பாடு இறங்காது. ஆனா இந்தத் தெருவுக்கு இல்ல. உங்க வாஷ்பேசினுக்கு இல்ல.

அப்ப அந்த நூறு எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தேன். மேலேருந்து எழுபத்தெட்டுன்னு நான் எண்ணினது கீழேருந்து எழுபத்தெட்டு. பூமிக்கு நடுவுல ஒரு கோடு போட்டா, நாம அதுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரமோ, அந்தப் பக்கம் அவ்வளவு தூரத்துல இருக்கற இடம். அங்க என்ன இருக்கு தெரியுமா? நடுக்கடல். எந்தப் பக்கம் போனாலும் நாள் கணக்குல போகணும், கால் வெக்க ஒரு கல்லு கிடையாது. அந்த இடம் அறுபது வருஷம் கழிச்சும் தண்ணியாத்தான் இருக்கும்னு மாடல் சொல்லியிருக்கு. சரியாத்தானே சொல்லியிருக்கு? கடல்ல தண்ணி இருக்கும்னு கண்டுபிடிச்சு வீட்டை வித்தவன் நான்.

சிரிங்க டாக்டர், சிரிங்க. மாஸ்க் ஆடுது, தெரியுது. சிரிச்சு முடிச்சிட்டு இதையும் கேளுங்க. அன்னிக்கே, அறுபது வருஷம் கழிச்சு எவ்வளவுன்னு பாத்தவன், இன்னிக்கு எவ்வளவுன்னு ஒரு தட்டு தட்டியிருந்தா அப்பவும் நூறுதான் வந்திருக்கும். நான் உக்காந்திருந்த நாற்காலியே நனைஞ்சிருக்கணும். அது எனக்குத் தோணலை. கப்புக்காரர் இன்னொண்ணும் சொன்னாரு, அதுவும் கேட்டதுக்கப்புறம் சொல்லலை, அவராவே சொன்னாரு. சார், ஒரு கட்டம் நூத்துப் பத்து கிலோமீட்டர், உங்க பழைய வீடு, குன்னு, புது வீடு, ஏர்போர்ட் எல்லாம் ஒரே கட்டம், நூத்துக்கு நூறு தண்ணின்னா குன்னும் சேந்துதானே முழுகணும், நீங்க எதுக்கு சார் மேல ஏறினீங்கன்னாரு. போற வழியில அவர் கப்பைக் கழுவி வெச்சிட்டு வந்தேன்.

சொல்லியிருக்கலாம்தான். ரெண்டு மாசம் ஆச்சே. முயற்சி பண்ணலைன்னு நினைக்காதீங்க. அந்தத் தலைகீழ் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோயி சாப்பாட்டு மேசை மேல விரிச்சு வெச்சேன். என்னங்க இது இப்படி இருக்குன்னு அவளா கேப்பா, அப்படியே பேச்சை ஆரம்பிச்சிடலாம்னு. அவ துடைக்க வந்தா, பாத்தா, நேரா திருப்பி வெச்சிட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் அனுபவம் இருக்கறவனுக்கு வராதது அவளுக்கு ஒரு செகண்ட்ல வந்துச்சு. நான் என்னத்தைப் பேச?

இதுக்கு நடுவுல மச்சினி வீடு. அக்கா சொல்லிச் சொல்லியே அவளும் பயந்துட்டா. எங்க பக்கத்து வீடு காலியா இருக்கு, அதைப் பேசி முடிச்சிட்டாங்க. அக்காளும் தங்கச்சியும் இனி ஒரே சுவர்னு இவளுக்குத் தலைகால் புரியலை. ஆனா சகலைக்குத் தையல் மெஷின் ரிப்பேர் கடை டாக்டர், வீட்டோட கீழ் ரூம்லயே. அந்த வீடு போனா கடையும் போச்சு. நூத்திப் பதினாலு படி மேல எவன் தையல் மெஷினைத் தூக்கிட்டு ஏறுவான்? அவர் இத்தனை நாள் முடியாதுன்னுதான் நின்னாரு. போன ஞாயித்துக்கிழமை தனியா என்னைப் பாக்க வந்தாரு. வந்தவர் கிண்டல் பண்ணலை. அண்ணே, முப்பத்தொண்ணாம் தேதி போன் பண்ணதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, விளையாட்டுக்குத்தான் பண்ணேன், இப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, வித்துடவான்னு கேட்டாரு. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. மெஷின் எண்ணெய் வாசனை.

நான் இருமினேன்.

வேற ஒண்ணும் சொல்லலை. சத்தியமா இருமத்தான் செஞ்சேன். இருமலை ஆமான்னும் எடுத்துக்கலாம், இல்லைன்னும் எடுத்துக்கலாம். அவர் ஆமான்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல.

சரி, என் பேச்சு முடிஞ்சுது. எந்தப் பல்லுன்னு கேட்டுட்டே இருக்கீங்க. எதுவா இருந்தாலும் சரி டாக்டர். உங்க கைக்கு எது சௌகரியமோ அது. பின்னால இருந்தா நல்லது, சிரிக்கும்போது தெரியாது, சிரிக்கற நாள் வந்தா.

வலியா? ஒரு பல்லும் வலிக்கலை.

அவகிட்டயா? வாயால சொல்லலை. உள்ள வரும்போது ஒரு கவரைக் கையில கொடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு உள்ள நேரமாகும், நீ இதைப் படிச்சிட்டிருன்னேன். ஆறு பக்கம். முதல் நாலு பக்கம் வரிசை, கட்டம், கப்பு எல்லாம் விளக்கமா எழுதியிருக்கேன். விஷயம் அஞ்சாவது பக்கத்துலதான் வருது. ஆறாவது பக்கத்துல ரெண்டே வரி. நான் சொன்னது தப்பு, தங்கச்சிக்கு உடனே போன் பண்ணி நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லு. அவ்வளவுதான். நாலு பக்கத்தைத் தாண்டி அங்க வர்றதுக்குள்ள நீங்க பல்லைப் பிடுங்கி வாயை அடைச்சிடுவீங்கன்னு ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

ஆனா கொடுத்துட்டு நாற்காலியில வந்து படுத்ததுக்கப்புறம்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அவ எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பா.

கேக்குதா? போன்ல பேசறா. தங்கச்சிகிட்டதான். நல்லது. அது நடந்துடுச்சு. சகலை கடை தப்பிச்சுது.

பேசி முடிச்சிட்டா போல. நாற்காலியை நகர்த்தற சத்தம். இனிமே ஊசி போட்டு மரத்துப் போயி, அதெல்லாம் நேரம் இல்ல டாக்டர். பிடுங்கக்கூட வேண்டாம். பஞ்சு மட்டும் வைங்க. ரெண்டு பக்கமும் வைங்க. கொஞ்சம் பெருசாவே வைங்க.